சாயம் வெளுத்தால் போதுமா? வெயிலும் நுண்துகளும் கூழும்

ஆடி மாசம் நமக்கு விதைப்பு மாசம். சென்னை தியாகராய நகருக்கு அது தள்ளுபடி மாசம். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பாண்டி பஜாரிலும் கால் வைக்க இடம் இருக்காது. குவித்துப் போட்டிருக்கிற பனியனும் டி-சர்ட்டும் நிறையப் பங்கு திருப்பூர்ச் சரக்கு. வாங்க வருகிறவர்கள் துணியைத் தடவிப் பார்த்துக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சாயம் போகுமா?" துணியில் ஒட்டாமல் தொட்டியிலேயே தங்கிய சாயம் எங்கே போச்சு என்று கடையில் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டவர்கள் நொய்யல் கரை உழவர்கள்.

அந்தக் கடைவீதியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, அடையாறு பக்கம் சர்தார் படேல் சாலைக்குப் போனால் ஊரே வேறு. ஐ.ஐ.டி., 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், அண்ணா பல்கலைக்கழகம் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது என்பது அங்கே பல பத்தாண்டாகப் பேசுகிற விசயம். இப்போது உலகம் முழுக்க ஆய்வகங்களில் அடிபடுகிற ஒரு வழி, வெயில் பட்டால் வேலை செய்யும் நுண்துகளைக் கூழுக்குள் புதைத்து, அந்தக் கூழைச் சாயத் தண்ணீரில் போடுவது. சாயம் வெளுத்துத் தண்ணீர் தெளிந்துவிடும். நாளிதழில் இதைப் பற்றி ஒரு துணுக்கு வந்தாலும் நம்ம ஆட்கள் கேட்பது, "இது வந்துட்டா நம்ம கிணறு சரியாயிடுமா?"

பாதி சரியாகும் என்பதுதான் பதில். எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வது முக்கியம். அதுக்கு முதலில் சாயத் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கணும்.

தொட்டிக்குள் நடப்பது

பருத்தித் துணிக்கு இன்று பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். பருத்தி நாரும் இந்தச் சாயமும் தண்ணீருக்குள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. அதனால் ஒன்றை ஒன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கத்தான் உப்பைக் கொட்டுகிறார்கள். சாதாரண உப்பு, இல்லையென்றால் கிளாபர் உப்பு என்கிற சோடியம் சல்பேட். பிறகு சாயம் நாரோடு கெட்டியாகப் பிணைய சலவைச் சோடா.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்பது வழக்கமான அளவுதான். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் சாயக்கரைசல் என்று வைத்தால் 480 கிராம் உப்பு. 200 கிராம் எடையுள்ள ஒரு டி-சர்ட்டுக்கு ஏறக்குறைய 100 கிராம். சாயம்? அதே டி-சர்ட்டுக்கு ஆறேழு கிராம் போதும். அதில் ஒட்டாமல் வெளியே போவது ஒன்றிரண்டு கிராம். உப்போ துணியில் தங்குவதே இல்லை, அத்தனையும் அலசுகிற தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

ஆற்றில் ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் தண்ணீர் ஓடியபோது எல்லாரும் பார்த்தது அந்த இரண்டு கிராமை. கூடவே ஓடிய 100 கிராமுக்கு நிறம் கிடையாது. படமும் எடுக்க முடியாது.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு. 20,000 ஏக்கர் பக்கம் பாசனம் தரணும் என்று சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி 1992-இல் முடித்தார்கள். மேலே திருப்பூரில் சாயப்பட்டறைகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. சில ஆண்டுகளிலேயே அணை கழிவைத் தேக்கும் தொட்டியாகிப் போச்சு. பாசனத்துக்குக் கட்டின அணையில் தண்ணீரைத் தேக்காதே என்று ஆயக்கட்டு உழவர்களே சொல்லவேண்டிய நிலை வந்தது. தேக்கினால் சுற்றுவட்டக் கிணறுகளும் கெட்டன. தென்னை, மஞ்சள், தீவனப் பயிர், குடிதண்ணீர் எல்லாம் அடிவாங்கியது.

சோடியம் மண்ணை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது கால்சியம். உப்புத் தண்ணீர் பாயப் பாய, கால்சியத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் சோடியம் உட்காரும். பிடி விட்டுப்போன களிமண், நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் ஓடாகவும் ஆகிவிடும். தண்ணீர் கீழே இறங்காது, வேர் மூச்சுவிடாது. ஜிப்சம் போடச் சொல்வது, போன கால்சியத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான். இந்தச் சோடியம்-கால்சியம் சண்டையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கூழைப் பற்றிப் பேசும்போது மறுபடி தேவைப்படும்.

நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் 2003-இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை 2006-இல் வந்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று, நிபந்தனையை நிறைவேற்றாத பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளிகளும் தெருவுக்கு வந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லணும். அந்த அடிக்குப் பிறகுதான் ஆர்.ஓ. போட்டுத் தண்ணீரை மீட்பது, மிச்ச உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்ற வைப்பது, உப்பைத் திரும்பத் தொட்டிக்கே கொண்டுபோவது எல்லாம் உண்மையாக நடக்கத் தொடங்கியது. இதில் செலவு பிடிக்கிறதே அந்தக் காய்ச்சுகிற வேலைதான்.

வெயில் எப்படிச் சாயத்தைத் தின்னும்?

மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் மட்டுமில்லை, எந்த ஊரிலும் பழைய வெள்ளைப் பெயிண்ட் அடித்த இரும்புக் கேட்டைத் தடவிப் பாருங்கள். கையில் மாவு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டும். பெயிண்டுக்கு வெள்ளை நிறம் தருவது டைட்டானியம் ஆக்சைடு. வெயில் படும்போது அந்தப் பொடி தன்னைச் சுற்றியிருக்கிற எண்ணெய்ப் பசையை மெல்ல மெல்ல அரித்துவிடும். பிடிமானம் போனதும் பொடி உதிரும். பெயிண்ட்காரர்களுக்குத் தலைவலியான இந்த அரிப்பைத்தான் விஞ்ஞானிகள் சாயத்தின் மேல் ஏவப் பார்க்கிறார்கள்.

ஒளி பட்டதும் அந்தத் துகளுக்குள் ஒரு எலக்ட்ரான் எம்பிக் கிளம்பும். அது இருந்த இடம் காலியாகும். காலியிடம் தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும், கிளம்பிய எலக்ட்ரான் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைப் பிடிக்கும். இரண்டிலும் பிறப்பவை கண்டதைக் கடிக்கிற முரட்டு மூலக்கூறுகள். ஹைட்ராக்சில் என்பது அதில் பெரிய ரவுடி. சாய மூலக்கூறு பக்கத்தில் இருந்தால் அதைக் கடித்துத் துண்டாக்கும். விடாமல் கடித்தால் கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீரும்தான் மிஞ்சணும். துகள் தீர்ந்துபோகாது. ஊக்கி மாதிரி நின்று வேலை பார்க்கும். 1972-இல் ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே டைட்டானியம் ஆக்சைடையும் ஒளியையும் வைத்துத் தண்ணீரையே பிரித்துக் காட்டினார்கள். இந்தத் துறை சூடுபிடித்தது அதிலிருந்துதான்.

நுண்துகள் எதற்கு? கடிப்பதெல்லாம் துகளின் மேற்பரப்பில்தான் நடக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இருபது முப்பது நானோமீட்டர் அளவுக்குத் துகளைச் சிறிதாக்கினால், ஒரே ஒரு கிராம் பொடிக்கு 50 சதுர மீட்டர் மேற்பரப்பு கிடைக்கும். நம்ம கணக்கில் ஒரு சென்ட்டுக்கும் மேலே! ஒரு கிராமில் ஒரு சென்ட் நிலம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்.

சிக்கலும் உண்டு. டைட்டானியம் ஆக்சைடுக்குப் புற ஊதாக் கதிர்தான் வேணும். நம்ம மேல் விழுகிற வெயிலில் அது நூற்றுக்கு நாலைந்து பங்குதான். மிச்ச வெயில் அதுக்குப் பயனில்லை. அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்கிற துகள்களைத் தேடுகிறார்கள். கரியும் நைட்ரஜனும் சேர்ந்த கார்பன் நைட்ரைடு அதில் ஒன்று. யூரியாவைச் சூளையில் சுட்டே அதைத் தயாரிக்கலாம். வயலில் நாம் வேண்டாம் என்று ஒதுக்கிய யூரியாவுக்கு இப்படியும் ஒரு பிழைப்பு.

கூழ் எதுக்கு?

பொடியை அப்படியே தண்ணீரில் கலக்கினால் நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் வேலை முடிந்ததும் அதை எப்படி வெளியே எடுப்பது? அவ்வளவு நுண்ணிய தூள் லேசில் படியாது, சாதாரண வடிகட்டியிலும் நிற்காது. சாயத்துக்குப் பதிலாக நானோ தூள் வாய்க்காலில் வந்தால் நமக்கு என்ன லாபம்? வெள்ளி நுண்துகள் நுண்ணுயிரைக் கொல்லும் என்பதால்தான் அதைக் குடிநீர் வடிகட்டியில் போடுகிறார்கள். அதே துகள் நம்ம மண்ணுக்கு வந்தால் ஜீவாமிர்தம் ஊற்றி வளர்த்த உயிர்களை மட்டும் விட்டுவைக்குமா? துத்தநாக ஆக்சைடு வெயிலில் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவும் செய்யும்.

அதனால்தான் கூண்டு. பாதாம் பிசினை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் கிண்ணம் நிறைய ஊதி நிற்கும். ஒரு துண்டு பிசின் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொண்டும் கரையாமல் நிற்கிறது இல்லையா, கூழ் என்பது அதுதான். உள்ளே நுண்ணிய வலை, வலைக்குள் தண்ணீர். அந்த வலையில் நுண்துகளைச் சிக்கவைத்தால் தண்ணீரும் சாயமும் உள்ளே போய்வரும், துகள் வெளியேறாது. வேலை முடிந்ததும் மணி மணியாக அள்ளி எடுத்துவிடலாம்.

இன்னொரு ஆதாயமும் உண்டு. அந்த ஹைட்ராக்சில் ரவுடிக்கு ஆயுள் கண்சிமிட்டும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. தேடிப்போய்க் கடிக்க அதனால் முடியாது. சாயத்தை இழுத்துவந்து துகளின் வாசலில் நிறுத்தினால்தான் கடிக்கும். இழுத்துவருகிற வேலையைக் கூழ் செய்யும்.

கூழுக்கான பொருள்கள் பலதும் நம்ம கடற்கரையிலேயே இருக்கின்றன. மண்டபம் பக்கம் பெண்கள் சேகரிக்கும் பழுப்புக் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் குளோரைடு தண்ணீரில் விட்டால் ஜவ்வரிசி மாதிரி மணிகள் உருளும். இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் வருகிறது.

துகளைக் கூண்டில் அடைக்கும் வித்தைக்கு அடையாறிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப் குழுவினர் வெள்ளி நுண்துகளைக் கைட்டோசானும் அலுமினிய ஆக்சி-ஹைட்ராக்சைடும் சேர்ந்த மணிக்குள் பூட்டி, குடிநீரில் கிருமி கொல்லும் முறையை 2013-இல் வெளியிட்டார்கள். இது வெயிலில் வேலை செய்கிற பொருள் இல்லை. ஆனால் துகள் வெளியே ஓடாமல் நின்று நாள்பட வேலை பார்க்கணும் என்ற அதே கேள்விக்கான விடை. தண்ணீரில் கலந்த பூச்சிக்கொல்லியை நுண்துகளால் நீக்குவதும் அதே ஆய்வகத்தில் தொடங்கி, 2007 வாக்கில் வீட்டு வடிகட்டியாகச் சந்தைக்கு வந்தது. எண்டோசல்பானும் குளோர்பைரிபாஸும் வயலில் தெளித்ததுதானே கிணற்றுக்கு வந்தது! வடிகட்டியைக் கண்டுபிடித்தவரைப் பாராட்டுவோம். தெளிப்பதை நிறுத்துவது நம்ம வேலை.

எங்கே இடிக்குது?

ஆய்வகத்தில் சோதனைக்கு எடுப்பது பெரும்பாலும் மெத்திலீன் நீலம். சுத்தமான தண்ணீரில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் மாதிரி போட்டு, விளக்கடியில் வைத்து, ஒரு மணி நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிறம் போச்சு என்று வரைபடம் போடுவார்கள். பொய் கிடையாது. ஆனால் திருப்பூர்த் தொட்டியில் இருப்பது அது இல்லை. மெத்திலீன் நீலம் நேர் மின்னூட்டம் கொண்டது, ஆல்ஜினேட் எதிர் மின்னூட்டம். இரண்டும் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். ரியாக்டிவ் சாயமோ எதிர் மின்னூட்டம் கொண்டது. ஆல்ஜினேட் மணி அதைக் கிட்டவே சேர்க்காது. அங்கே கைட்டோசான்தான் பொருத்தம்.

ஒட்டிக்கொள்வதும் சிதைவதும் வேறு வேறு என்பதையும் பார்க்கணும். வெளிச்சமே இல்லாமல் இருட்டில் வைத்தாலும் கூழ் நிறத்தை உறிஞ்சித் தண்ணீரைத் தெளியவைக்கும். சாயம் அப்போது அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நல்ல ஆய்வில் இருட்டுச் சோதனை தனியாக இருக்கும்.

சிதைந்தாலும் எதுவரை சிதைந்தது என்ற கேள்வி மிச்சம். சாய மூலக்கூறில் நிறம் தருவது சின்ன முடிச்சு. அது அறுந்தாலே நிறம் போய்விடும். உடைந்த துண்டுகள் நிறமில்லாமல் தண்ணீரில் கிடக்கும். அசோ வகைச் சாயங்கள் சில, உடைந்தால் புற்றுநோய் தரும் அமீன்களை விடும் என்றுதான் ஜெர்மனி 1994-இல் அவற்றைத் தடை செய்தது. தொண்ணூறுகளில் நம்ம நாட்டிலும் தடை வந்தது. பளிச்சென்ற மயில் நீலச் சாயங்கள் சிலவற்றின் நடுவில் செம்பு உட்கார்ந்திருக்கும். மூலக்கூறை உடைத்தால் செம்பு தண்ணீருக்கு வரும். ஆகவே கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. சி.ஓ.டி. எவ்வளவு குறைந்தது, மொத்தக் கரிமம் எவ்வளவு குறைந்தது என்று கேட்கணும்.

அடுத்தது உப்பு. ஹைட்ராக்சில் ரவுடிக்கு குளோரைடும் இரைதான். லிட்டருக்கு 60 கிராம் உப்பு இருக்கிற தண்ணீரில் இரண்டு கிராம் சாயத்தைத் தேடிக் கடிப்பதற்குள் வழியில் நிற்கிற குளோரைடிடமே அதன் பலம் செலவாகிவிடும். அந்த உப்பு கூழையும் விடாது. ஆல்ஜினேட் மணியைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பது கால்சியம். உப்புத் தண்ணீரில் சோடியம் வந்து அந்த இடத்தைப் பிடிக்க, மணி ஊதும், தளரும், கடைசியில் குழைந்து கரையும். நம்ம களிமண்ணை எது குலைத்ததோ அதுவே இந்த மணியையும் குலைக்கிறது. உள்ளே பூட்டிய துகள் அப்போது ஆற்றுக்குத்தான் போகும். குறுக்குப் பிணைப்பு வேறு விதமாகப் போட்ட கூழ்கள் கொஞ்சம் தாங்கும். ஆனால் பெயிண்டில் பார்த்தோமே, துகள் தன் கூண்டையே அரிக்கும் குணமுள்ளது. எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தலாம் என்று கேட்டால் ஐந்து, பத்து சுற்று என்று பெரும்பாலும் பதில் வரும். ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வருசம் முழுக்க ஓடணும்.

ஒளியும் அப்படித்தான். அடர்ந்த சாயத் தண்ணீரில் வெயில் சில சென்டிமீட்டர்கூட இறங்காது. கூழ் மணியின் நடுவில் இருக்கிற துகள் இருட்டில்தான் இருக்கும். ஆழமில்லாத அகன்ற பாத்தி கட்டி விரிக்கணும் என்றால் அந்த இடத்துக்கு யாருடைய நிலத்தைக் கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும். டைட்டானியம் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறக்க முடியாது. குமரி, நெல்லை, தூத்துக்குடிக் கடற்கரையின் தாது மணல்தான் மூலம். அந்த மணல் கொள்ளையால் 2013-இல் அரசே தனியார் அள்ளுவதை நிறுத்திவைக்க வேண்டி வந்தது.

எந்தப் பாதி சரியாகும்?

இவ்வளவு சொன்னதால் இதை ஒதுக்கிவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்க வேண்டாம். பெரும்பகுதிச் சாயத்தை உயிரியல் முறையில் நீக்கிய பிறகு, நுண்ணுயிர்கள் தின்ன முடியாமல் விட்ட கடைசி எச்சத்தைத் தீர்க்க இது பொருத்தமான முறை. நீர்த்த கரைசல், மெல்லிய நிறம், வெயில் ஊடுருவும். ஆர்.ஓ.வில் மிஞ்சுகிற உப்புக் கரைசலின் நிறத்தை எடுத்துவிட்டால் அதே உப்பைத் திரும்பச் சாயத் தொட்டிக்கு விடலாம், காய்ச்சும் செலவு மிச்சம். குளோரைடைத் தாங்குகிற துகளும் சோடியத்தைத் தாங்குகிற கூழும் வந்தால் அந்த ஒரு வேலைக்கே இது பெரிய வரவு. வீட்டோடு பட்டறை வைத்து நூலுக்குச் சாயம் போடும் சின்ன நெசவாளிகளுக்கு ஆர்.ஓ. கனவிலும் கிடையாது. நாளுக்குச் சில குடம் கழிவு வரும் இடத்தில், அகலத் தொட்டியும் மொட்டைமாடி வெயிலும் போதும் என்கிற முறைதான் அவர்களுக்குக் கட்டுபடியாகும்.

ஆனால் உப்பு இருக்கிற இடத்திலேயே இருக்கும். எவ்வளவு வெயில் காட்டினாலும் எந்த நுண்துகளும் சோடியத்தைத் தின்னாது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர், சி.ஓ.டி. அளவும் சரி, டி.டி.எஸ். மட்டும் லிட்டருக்கு ஐயாயிரம் மில்லிகிராம் என்றால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஆகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வரம்பே 2,100 தான். நிறத்தோடு ஓடியபோதாவது மதகை அடைக்கணும் என்று தெரிந்தது. நிறமில்லாமல் வந்தால் பாய்ச்சிவிட்டு, அடுத்த போகத்தில் நிலம் ஓடாகிக் கிடப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். தீர்வு வந்தாச்சு என்று யார் வந்து கண்ணாடிக் குவளையைத் தூக்கிக் காட்டினாலும் உப்புக் கணக்கைக் கேளுங்கள்.

இயற்கைப் பருத்தி விளைவிக்கும் நம்ம நண்பர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கு. நஞ்சில்லாமல் விளைந்த பஞ்சு நூலாகிப் போய், அதே உப்பு, அதே ரியாக்டிவ் சாயத்தில்தான் பெரும்பாலும் முங்கி எழுகிறது. உப்புக் குறைவாகக் கேட்கும் சாயங்கள் சந்தையில் இருக்கின்றன. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்றும் அவுரி விளைகிறது. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் இயற்கைச் சாயத்தில் கலம்காரி நடக்கிறது. தியாகராய நகர்க் கூட்டத்துக்கெல்லாம் அவுரி கட்டாது என்பது தெரிந்ததுதான். இயற்கைச் சாயத்துக்கும் படிகாரம் மாதிரி நிறம் பிடிக்கும் உப்பு கொஞ்சம் வேணும். என்றாலும் ஒரு சட்டைக்கு 100 கிராம் சோடியம் உப்பை அது கேட்பதில்லை.

சாயப்பட்டறைக்குக் கீழ்ப்பக்கம் நிலம் உள்ளவர்கள், தண்ணீர் தெளிவாக இருந்தாலும் வருசத்துக்கு இரண்டு முறை, கோடையில் ஒன்று, மழை முடிந்து ஒன்று, சோதித்து வையுங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, அரை லிட்டர் பிடித்து, மூடி, கிணறு, சர்வே எண், தேதி எழுதி ஒட்டி, அன்றோ மறுநாளோ அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கணும். மின் கடத்துத்திறன் 0.7-க்குள் இருந்தால் பயமில்லை, 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. சோடியம் விகிதத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். சீட்டைத் தூக்கி எறியாமல் வருசவாரியாகக் கோர்த்து வையுங்கள். வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்தில் காட்டுவதற்கு அந்தச் சீட்டுகள்தான் உதவும்.